துணையினமும் தொடர்காடும்

புலிகளை ஒன்பது துணையினங்களாகப் பிரித்து வந்தனர். அவற்றுள் பாலி, ஜாவா, காஸ்பியன் புலிகள் 20ஆம் நூற்றாண்டில் அழிந்தன. வங்கம், ஆமூர், இந்தோசீனம், மலேயா, சுமத்ரா, தென்சீனம் ஆகிய ஆறும் எஞ்சின. இவற்றுள் தென்சீனப் புலி இன்று கூண்டுகளில் மட்டுமே வாழ்கிறது. 2017இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பூனை வல்லுநர் குழு, பெருநிலப் புலி, சுந்தா தீவுப் புலி என இரண்டு துணையினங்களே உண்டு என்றது. மறு ஆண்டு வந்த மரபணுத் தொகுதி ஆய்வோ ஆறும் தனித்தனிக் கிளைகள் என்றது.

அழிந்த இடத்தில் மீண்டும் புலியை விடும்போது இந்த விவாதம் களத்துக்கு வருகிறது. 2009இல் புலியற்றுப்போன பன்னாவுக்கு மத்தியப் பிரதேசத்தின் பிற காடுகளிலிருந்து கொண்டுவந்த புலிகள் பெருகின. 2018இல் அதே மாநிலத்திலிருந்து ஒடிசாவின் சத்கோசியாவுக்குச் சென்ற இரண்டில், ஆண்புலி சில மாதங்களில் இறந்தது. பெண்புலி திருப்பி அனுப்பப்பட்டது. இரண்டு இடங்களிலும் விடப்பட்டது வங்கப்புலியே. இரையும் காவலும் சுற்றியுள்ள ஊராரின் இசைவும் இல்லாத இடத்தில் துணையினப் பொருத்தம் மட்டும் புலியைக் காக்காது.

தமிழகப் புலிகளின் முதன்மை வாழிடம் மேற்குத் தொடர்ச்சி மலையும் அதை ஒட்டிய காடுகளுமே. 2006 கணக்கெடுப்பில் 76 என்றிருந்த மதிப்பீடு 2022இல் 306 ஆனது. முதுமலையும் சத்தியமங்கலமும் கர்நாடகத்தின் பந்திப்பூர், நாகரஹொளெ, கேரளத்தின் வயநாடு ஆகியவற்றோடு ஒரே காடாகத் தொடர்வது இவ்வளர்ச்சிக்கு முக்கியக் காரணம். பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே ஆனைமலை, களக்காடு முண்டந்துறைக் காடுகளுக்கு இந்த வாய்ப்பு குறைவு. அங்கே சாலையும் தோட்டங்களும் காட்டைத் துண்டாக்குகின்றன. துண்டான காட்டில் நெருங்கிய உறவுகளுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடக்கும். ஒடிசாவின் சிமிலிபாலில் கருவரி படர்ந்த புலிகள் மிகுந்திருப்பது அத்தகைய தனிமையின் விளைவு.

ஆகவே எண்ணிக்கையோடு உறவுமுறையையும் கண்காணிக்க வேண்டும். புலியின் இடப்பக்க வரிகளும் வலப்பக்க வரிகளும் ஒன்றல்ல. அதனால்தான் காட்டுத்தடத்தின் இருபுறமும் எதிரெதிரே தானியங்கிக் கேமரா கட்டப்படுகிறது. அதே தடத்தில் கிடைக்கும் எச்சத்தைச் சேகரித்தால், எந்தப் புலி எந்தக் காட்டிலிருந்து வந்தது என்பதை மரபணு சொல்லும். வழித்தடங்களைச் சட்டப்படி உறுதிசெய்வது, உண்ணிச்செடி என்னும் களையை அகற்றி மானுக்குப் புல்வெளி மீட்பது, வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கு நிலையான ஊதியம் தருவது ஆகிய மூன்றும் தள்ளிப்போடக் கூடாதவை. துணையினங்கள் இரண்டா, ஆறா என்ற முடிவு எப்படி அமைந்தாலும் இப்பணிகளில் எதுவும் மாறாது.