காலியா கிடக்கிற இடமெல்லாம் மைதானம் இல்லை

போன பதிவுல நான் செஞ்ச ஃபோம் ப்ளேன் படத்தைப் பார்த்துட்டு நாலஞ்சு பேர் ஒரே கேள்வி கேட்டிருந்தாங்க. "சென்னையில இதை எங்க சார் பறக்க விடறீங்க?" சார் எல்லாம் வேண்டாம் மக்களே, எனக்கு இன்னும் முப்பது ஆகலை. பதில் சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி, ஒரு மே மாசம். தென் புறநகர்ல வத்திப்போன ஒரு ஏரி. கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் வெடிச்ச மண்ணும் நாலு ஆடும்தான். இதைவிட நல்ல இடம் கிடைக்குமான்னு நினைச்சு ட்ரான்ஸ்மிட்டரை ஆன் பண்ணேன். ஒரு கிலோ எடை, பத்து இன்ச் ப்ரொப்பல்லர். பத்து நிமிஷம் சூப்பரா பறந்துச்சு. அப்புறம் திரும்பி என்னை நோக்கி வரும்போது சூரியனுக்குள்ள போயிடுச்சு. ரெண்டு செகண்ட் எதுவும் தெரியல. வெளிய வந்தப்ப இறக்கை எந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்குன்னு புரியல. ப்ளேன் நம்மளைப் பார்த்து வரும்போது இடது வலதா மாறிடும்னு பறக்க விட்டவங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிஞ்சு என்ன?

இங்கதான் நான் செஞ்ச தப்பு. அந்த நேரம் த்ரோட்டிலைக் கீழ இழுத்திருந்தா, அது காலி மண்ணுல விழுந்து உடைஞ்சிருக்கும். கதை முடிஞ்சிருக்கும். ஆனா என் மண்டைக்குள்ள ஓடினது ரெண்டு வார ராத்திரி வேலையும் நாலாயிரத்துச் சொச்சம் ரூபாயும்தான். காப்பாத்திடலாம்னு ஸ்டிக்கைத் திருப்பினேன், தப்பான பக்கம். அது நேரா கரை மேல போயிட்டிருந்த ஒரு சின்னப் பையனோட சைக்கிள் பக்கம் பாய்ஞ்சுது. அவனுக்கும் ப்ளேனுக்கும் நடுவுல மிஞ்சிப்போனா ஆறடி. கரையில மோதி மூக்கு நொறுங்குச்சு. ஆடு மேய்ச்சிட்டிருந்த அம்மா ஓடி வந்தாங்க. திட்டலை. "ஏம்பா, அது புள்ள மேல வுழுந்திருந்தா இன்னா பண்ணுவ?"ன்னு மட்டும் கேட்டாங்க.

மூணு மாசம் ட்ரான்ஸ்மிட்டரைத் தொடல.

வீட்டுக்கு வந்து கணக்கு போட்டேன் (இன்ஜினியரிங் படிச்சதுக்கு வேற என்ன உபயோகம்!). ஒரு கிலோ, செகண்டுக்கு 15 மீட்டர் வேகம்னா 112 ஜூல். அதாவது ஒரு கிலோ கல்லை பதினொன்றரை மீட்டர் உயரத்துல இருந்து, கிட்டத்தட்ட மூணாவது மாடி மொட்டை மாடியில இருந்து, தலையில போடற மாதிரி. ப்ரொப்பல்லர் நிமிஷத்துக்கு 8,000 சுத்து சுத்தினா அதோட நுனி மணிக்கு 380 கிலோமீட்டர் வேகத்துல போகும். இதைப் போய் பொம்மைன்னு சொல்லிக்கிட்டு திரியறோம்.

அதனால என் கட்சி இதுதான். காலி இடம் வேற, பாதுகாப்பான இடம் வேற. எந்த நிமிஷமும் ரெண்டாவது யோசனை இல்லாம ப்ளேனைக் கீழ போட முடியற இடம்தான் பாதுகாப்பான இடம். ஏரி காலியா இருந்துச்சு, ஆனா கரை ஒரு வழி. அதை நான் பார்க்கவே இல்லை. ஞாயித்துக்கிழமை காலேஜ் கிரவுண்டும் அப்படித்தான், நடைப்பயிற்சி மாமாக்கள் எந்தப் பக்கம் இருந்து வருவாங்கன்னு யாருக்கும் தெரியாது. மொட்டை மாடி பத்திப் பேசவே வேண்டாம். பீச்? மணல் சர்வோவுக்குள்ள போறது ஒரு பக்கம் இருக்கட்டும், வெயில் காலத்துல மதியத்தை ஒட்டி கடல்காத்து கிளம்பினா லேசான ப்ளேன் ரோட்டுப் பக்கம் போயிடும். குப்பைமேடு பக்கம்னா பருந்து. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-ல ராம்சார் பட்டியல்ல சேர்ந்த இடம். அது பறவைங்களோட வீடு, நமக்கு அங்க வேலையே இல்லை.

வானத்துக்கும் கணக்கு இருக்கு. 2021 ஆகஸ்ட்ல வந்த ட்ரோன் விதிகள் வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்புன்னு பிரிச்சுது. பச்சையில 400 அடி உயரம். விமான நிலைய எல்லையில இருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள்ள 200 அடிதான். தென் சென்னைக்காரன் பொழப்பு எப்படின்னு பாருங்க: வடக்க மீனம்பாக்கம், இந்தப் பக்கம் தாம்பரம் விமானப்படை நிலையம், கீழ போனா கல்பாக்கம். நான் போன ஏரி தாம்பரத்துக்கு எவ்வளவு கிட்டன்னு அப்புறம்தான் மேப்புல பார்த்தேன். வேர்த்துடுச்சு.

அதுக்காக அனுமதி உள்ள இடம்னா கண்ணை மூடிக்கலாம்னு இல்லை. 2013 செப்டம்பர்ல நியூயார்க், புரூக்ளின்ல, மாடல் பறக்க விடறதுக்குன்னே இடம் ஒதுக்கியிருந்த பார்க்ல, தன்னோட ஆர்.சி. ஹெலிகாப்டர் தலையில அடிச்சு 19 வயசுப் பையன் ஒருத்தர் செத்துப்போனார். புதுசா பழகினவர் இல்லை, நல்லா ஓட்டத் தெரிஞ்சவர்.

இப்ப நான் போறது திருப்போரூர் தாண்டி ஒரு பெரியவரோட வயல். அறுப்பு முடிஞ்சு அடுத்த உழவு வரைக்கும்தான். முதல்நாள் போய்க் கேட்டப்ப, "ஏன் தம்பி, இதுல என்ன வருமானம்?"னு கேட்டார். இன்னிக்கு வரைக்கும் பதில் இல்லை :-) காலையில ஆறு மணிக்குப் போய் முதல்ல வரப்பு சுத்தி நடப்பேன். கம்பி எங்க போகுது, ஒத்தையடிப் பாதை எங்க, யார் எந்நேரம் பால் கொண்டு போறாங்க, எல்லாம் பார்த்துட்டுதான் பேட்டரி மாட்டறது. சூரியனும் ஜனங்களும் நமக்குப் பின்னாடி, ப்ளேன் எப்பவும் முன்னாடி. வீட்டுலயே ப்ரொப்பல்லரைக் கழட்டி வெச்சுட்டு ஃபெயில்சேஃப் பார்த்துக்கணும்: ட்ரான்ஸ்மிட்டரை அணைச்சா மோட்டார் நிக்கணும். லைப்போ பேட்டரி அடிபட்டா காஞ்ச வைக்கோல்ல தீப்பிடிக்கும்ங்கறதால ஒரு வாளி மணல். கூட ஒரு ஆள், வானத்தைப் பார்க்க இல்லை, தரையைப் பார்க்க. இந்த வேலையைப் பெரியவரோட பேரன் எடுத்துக்கிட்டான். யாராவது வந்தா "அண்ணே, ஆளு!"ன்னு கத்துவான், நான் இறக்கிடுவேன். போன வாரம் ஒரு ஆட்டுக்குட்டிக்காக ரெண்டு தடவை இறக்க வேண்டியதாச்சு.

இந்த ஞாயிறும் போறேன். வர்றவங்க பின்னூட்டத்துல கை தூக்குங்க. தொப்பி, தண்ணி கொண்டு வாங்க. பேரனுக்கு பொரி உருண்டை நான் வாங்கிடறேன்.