முதலில் தண்ணீரை வளர்ப்போம்

போன வருஷம் கோடை விடுமுறைக்குக் கோவையிலிருந்து பேரன் வந்திருந்தான். வயது எட்டு. கைபேசியை விட்டுத் தலையை நிமிர்த்தவே மாட்டேன் என்றான். ஏதாவது செய்ய வேண்டுமே என்று ஒரு நாள் காலை அவனைக் கொளத்தூருக்கு அழைத்துப் போனேன். சென்னையில் வண்ண மீன் என்றால் கொளத்தூர்தான். பார்க்குமிடமெல்லாம் தொட்டிகள், பாலித்தீன் பைகளில் காற்றடைத்துக் கட்டித் தொங்கும் மீன்கள். பையன் வாய் பிளந்து நின்றான்.

பன்னிரண்டு மணிக்குள் எல்லாம் வாங்கியாயிற்று. இரண்டடி நீளத் தொட்டி, வண்ணக் கூழாங்கல், காற்று மோட்டார், பத்து கப்பி மீன்கள். சாயங்காலம் நான்கு மணிக்கெல்லாம் எங்கள் கூடத்தில் மீன்கள் வாலை விசிறியபடி நீந்திக்கொண்டிருந்தன. 34 வருஷம் வங்கியில் குப்பை கொட்டியவன், ஒரே நாளில் ஒரு காரியத்தை முடித்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை வேறு.

நான்காம் நாள் காலையில் ஆறு மீன்கள் செத்து மிதந்தன. வாரம் முடிவதற்குள் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

"தாத்தா, நாமதான் கொன்னுட்டோமா?" என்று கேட்டான்.

"இல்லடா கண்ணா, கடைக்காரர் குடுத்ததே நோஞ்சான் மீனு" என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போதே மனசுக்குள் உறுத்தல்தான். அவன் ஊருக்குப் போன பிறகு, மீன் வளர்ப்பில் அனுபவமுள்ள நண்பர் ஒருவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "தொட்டி வாங்கி எத்தனை நாள் கழிச்சு மீன் விட்டீங்க?"

அந்தக் கேள்வியில்தான் என் கருத்தும் அடங்கியிருக்கிறது. "கப்பி சாகவே சாகாது, சின்னப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கலாம்" என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். அதை நம்பி, பிறந்தநாள் பரிசாகத் தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்கித் தருகிறோம். அது தவறு. பேரப்பிள்ளைக்கு மீன் கொடுக்க விரும்பும் தாத்தா, முதலில் ஒரு மாதம் வெறும் தண்ணீரை வளர்க்க வேண்டும்.

தண்ணீரை வளர்ப்பதா என்று சிரிக்காதீர்கள். மீன் மூச்சுவிடும்போதும் கழியும்போதும் அம்மோனியா வெளிவருகிறது. மிஞ்சிய தீனி அழுகினாலும் அதேதான். மீனுக்கு அது விஷம். ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அது அவ்வளவு கெடுதல் இல்லை. இந்த இரண்டு வகையும் புதுத் தொட்டியில் இருக்காது. கல்லிலும் வடிகட்டிப் பஞ்சிலும் அவை குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதற்குமுன் பத்து மீனை விட்டால், தங்கள் கழிவிலேயே அவை மூச்சுமுட்டிச் சாகும். நான் செய்தது அதைத்தான்.

வீட்டுப் பெண்களுக்கு இது சுலபமாகப் புரியும். பால் தானாகத் தயிராகாது, உறை ஊற்ற வேண்டும். ஊற்றிய பிறகு கலக்காமல் காத்திருக்க வேண்டும். தயிருக்கு ஓர் இரவு, தொட்டிக்கு ஒரு மாதம். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆடி மாதம் மறுபடி தொடங்கினேன். "ஆடியில புதுசா எதையும் ஆரம்பிக்காதீங்க" என்றாள் மனைவி. "இப்போ தண்ணிதான், மீன் ஆவணியிலதான்" என்றேன். அதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டியில் ஏறக்குறைய 50 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே 50 கிலோ, அதனால் ஆட்டம் காணாத மேசை வேண்டும். அடியில் ஒரு தெர்மாகோல் அட்டை போட்டேன். சென்ற முறை ஜன்னலோரம் வைத்து வெயிலில் தண்ணீர் சூடேறியது. இம்முறை வெயில் படாத சுவரோரம் வைத்தேன். நம்மூர் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர் கடினமானது என்று திட்டுகிறோமே, கப்பிக்கு அந்தக் கடினத் தண்ணீர்தான் பிடிக்கும். குடிக்கச் சுத்திகரித்த ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றக்கூடாது. மீனுக்கு வேண்டிய தாதுக்கள் அதில் இருக்காது. குழாய்த் தண்ணீரானால் குளோரின் நீங்க ஒருநாள் வாளியில் திறந்து வைக்கலாம், அல்லது கடையில் கிடைக்கும் குளோரின் முறிப்பு மருந்தைச் சில துளிகள் விடலாம்.

வடிகட்டி பெரிதாக வேண்டாம். காற்று மோட்டாரில் ஓடும் பஞ்சு வடிகட்டி போதும். குஞ்சுகளை உள்ளே இழுக்காது. நண்பர் தன் தொட்டியில் ஓடிய பழைய பஞ்சில் பாதியை வெட்டிக் கொடுத்தார். அதுதான் உறை. தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டு, மீனில்லாத தொட்டியை ஓட்டினேன். பார்த்தவர்கள் எல்லோரும் "மீன் எங்கே?" என்றார்கள். "வந்துகொண்டிருக்கிறது" என்றேன். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பார்க்கும் துளிச் சோதனைப் பெட்டியில் இரண்டும் சுழியத்துக்கு இறங்கிய பிறகே மறுபடி கொளத்தூர் போனேன்.

இரண்டு ஆண், நான்கு பெண். ஆண்கள் கூடினால் பெண்களைத் துரத்தித் துரத்தியே களைப்பாக்கிவிடும், அதனால் ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் வேண்டும். பெண் மீன் முட்டையிடாது, குஞ்சாகவே போடும். வால் பக்கம் வயிற்றில் ஒரு கரும்புள்ளி தெரியும். அது பெரிதாகி, வயிறு பெட்டி போல் ஆனால் நாள் நெருங்கிவிட்டது. சுமார் நான்கு வாரத்துக்கு ஒரு பிரசவம். ஒருமுறை ஆணோடு சேர்ந்த பெண், அந்த விந்தைச் சேமித்து வைத்துப் பல மாதம் அடுத்தடுத்துக் குஞ்சு போடும். "நான் பெண் மட்டும்தானே வாங்கினேன்" என்று யாராவது வியந்தால் காரணம் இதுதான்.

பெற்ற குஞ்சைப் பெற்றவளே தின்பாள் என்பதுதான் மனசுக்குக் கஷ்டமான விஷயம். தாயைச் சின்ன பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து வைக்கச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நிறைமாதக்காரியைச் சிறையில் வைப்பது போல் இருக்கிறது. பாசியும் நீர்ச்செடியும் அடர்த்தியாகப் போட்டேன். குஞ்சுகள் அதற்குள் ஒளிந்து பிழைத்தன. மீன் தீனியை மாவாகப் பொடித்து நாளுக்கு மூன்று நான்கு முறை தூவினேன். பெரிய மீன்களுக்கு இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கும் அளவு போதும். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்ற வேண்டும். பஞ்சை எடுத்த அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே பிழிய வேண்டும். குழாயடியில் சோப்பு போட்டுக் கழுவினால் ஒரு மாத உழைப்பு சாக்கடையில்.

இத்தனைக்கும் நேரம் வேண்டும், பொறுமை வேண்டும். பள்ளிக்கூடம், டியூஷன் என்று ஓடும் குழந்தைக்கு இரண்டும் ஏது? நம்மிடம் இருக்கிறதே! அதனால்தான் சொல்கிறேன், கப்பி ஓய்வு பெற்றவர்களுக்கான மீன்.

பொங்கலுக்குள் ஆறு மீன் அறுபதைத் தாண்டியது. அப்போதுதான் இரண்டாவது பாடம். கப்பியைப் பெருக்க ஒரு சாமர்த்தியமும் வேண்டாம், நிறுத்தத்தான் வேண்டும். ஒரு மாதக் குஞ்சில் ஆணின் அடித்துடுப்பு குச்சிபோல் குறுகத் தொடங்கும். அப்போதே பார்த்து ஆண்களை வேறு தொட்டிக்கு மாற்றினேன். மிஞ்சியதை அக்கம்பக்கத்தில் கொடுத்தேன். தண்ணீர் தயாராக இருந்த வீட்டுக்கு மட்டும்.

"ஏரியில விட்டுடுங்க சார், கொசுவாவது ஒழியும்" என்றார் ஒருவர். செய்யாதீர்கள். கொசுப்புழுவைத் தின்பதற்காகச் சுகாதாரத் துறையே கிணறுகளில் கப்பி விடுவதுண்டு, உண்மைதான். ஆனால் மூடிய கிணறு வேறு, ஏரி வேறு. கப்பி தென்னமெரிக்காவின் வடகிழக்கையும் டிரினிடாட் தீவையும் சேர்ந்த மீன். அந்தத் தீவிலிருந்து அதை லண்டனுக்கு அனுப்பிய ராபர்ட் ஜான் லெக்மியர் கப்பியின் பெயரைத்தான் 1866இல் அதற்குச் சூட்டினார்கள். நம் வாய்க்காலில் தலையில் வெள்ளிப் பொட்டு மின்ன நீந்துமே ஒரு குட்டி மீன், அதுவும் கொசுப்புழு தின்பதுதான். வந்த விருந்தாளியைப் பெருக்கிவிட்டு வீட்டுக்காரனைப் பட்டினி போடலாமா?

இந்த ஏப்ரலில் பேரன் வந்தான். தொட்டி முன்னால் உட்கார வைத்து உண்மையைச் சொன்னேன். "போன வருஷம் செத்தது நோஞ்சான் மீன் இல்லடா. தாத்தா அவசரப்பட்டுட்டேன்."

கொஞ்ச நேரம் மீனையே பார்த்தான். பிறகு, "அப்போ அந்தக் கடைக்காரர் பாவம் தாத்தா" என்றான்.

ஊருக்குப் போகும்போது மீன் கேட்டான். பாதிப் பஞ்சைத்தான் ஈரம் காயாமல் பையில் கட்டிக் கொடுத்தேன். கோவையில் இப்போது மீனில்லாத தொட்டி ஒன்று ஓடுகிறது. தினமும் சாயங்காலம் தொலைபேசியில் அழைத்து, இன்று எத்தனையாவது நாள் என்று சொல்கிறான்.