வெளிநாடு செல்லும் வேளாண் வர்த்தகக் குழுக்கள்: வாங்குவோரைத் தேடித் தருவது யார்?

புது தில்லி: இந்திய வேளாண் பொருள்களுக்குப் புதிய சந்தைகளைத் தேடி வர்த்தகக் குழுக்கள் வெளிநாடு செல்வது வரும் ஆண்டுகளில் அதிகரிக்கவிருக்கிறது. 2030-31 வரை நடைமுறையில் இருக்கும் ஏற்றுமதி மேம்பாட்டு இயக்கத்துக்கு ரூ.25,060 கோடி ஒதுக்கி, 2025 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதன் ஒரு பிரிவான 'நிர்யாத் திஷா'வின் கீழ், சர்வதேசக் கண்காட்சிகளுக்கும் வாங்குவோர்-விற்போர் சந்திப்புகளுக்கும் வர்த்தகக் குழுப் பயணங்களுக்கும் நிதியுதவி கிடைக்கும். அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னர்தான் இந்தியப் பொருள்கள் மீதான வரியை அமெரிக்கா 50 சதவீதமாக உயர்த்தியிருந்தது. அந்த ஒரு சந்தையையே பெரிதும் நம்பியிருந்த இறால் ஏற்றுமதியாளர்கள் மாற்று நாடுகளைத் தேட வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டனர்.

பயணங்கள் குறித்து இவ்வளவு பேசப்பட்டாலும், அவற்றின் வெற்றியைப் பெருமளவு தீர்மானிக்கும் ஒருவர் கவனத்துக்கு வருவதில்லை. குழு சென்றிறங்கும் நாட்டில் அதற்காகப் பணியாற்றும் ஒப்பந்ததாரர்தான் அவர்.

வேளாண் பொருள்களுக்கு அபெடா, கடல் உணவுகளுக்கு எம்பெடா, நறுமணப் பொருள்களுக்கு நறுமணப் பொருள் வாரியம் எனத் துறைவாரியான அமைப்புகள் குழுக்களை அனுப்புகின்றன. அந்தந்த நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தின் வணிகப் பிரிவு துணை நிற்கிறது. அங்கு வேளாண் வர்த்தகத்துக்கென்றே தனி அதிகாரி இருப்பது அரிது. ஆகவே களப்பணி வெளி நிறுவனத்திடம் ஒப்படைக்கப்படுகிறது.

அப்பணி இரு வகைப்பட்டது. அரங்கு, வாகனம், மொழிபெயர்ப்பாளர், விருந்து, பின்னணிப் பதாகை ஆகியவை ஒரு வகை. பொருத்தமான இறக்குமதியாளர்களை அடையாளம் கண்டு, அவர்களது கொள்முதல் அளவையும் நிதி நிலையையும் விசாரித்து, சந்திப்புக்கு இணங்கவைத்து, யார் யாருடன் அமர வேண்டும் எனப் பட்டியலிடுவது மற்றொரு வகை. முதலாவதை எந்த நிகழ்ச்சி ஏற்பாட்டு நிறுவனமும் செய்துவிடும். இரண்டாவதற்குத் துறை அறிவு தேவை.

நாசிக் திராட்சையை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பியப் பேரங்காடிக்குச் சரக்கு வழங்கும் இறக்குமதியாளர் முதலில் கேட்பது விலையை அல்ல. பூச்சிக்கொல்லி எச்சப் பரிசோதனை அறிக்கையையும் பண்ணைச் சான்றிதழையும் வாரந்தோறும் தவறாத விநியோகத்தையும்தான். துபாய் மொத்தச் சந்தை வணிகரின் எதிர்பார்ப்பு வேறு. இந்த வேறுபாட்டை அறியாதவர் தயாரிக்கும் பட்டியலில், திராட்சை ஏற்றுமதியாளருக்கு எதிரே உணவக உரிமையாளர் ஒருவர் அமர்ந்திருப்பார். இருவரும் முகவரி அட்டையைப் பரிமாறிக்கொண்டு எழுவார்கள். அறிக்கையில் அதுவும் ஒரு 'சந்திப்பு' எனக் கணக்கில் ஏறும்.

சிக்கல் ஒப்பந்தப்புள்ளியிலேயே தொடங்குகிறது. 2017-ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள், அறிவுசார்ந்த ஆலோசனைச் சேவையையும், அளவிடத்தக்க பலன் தரும் பிற சேவைகளையும் தனித்தனியாகப் பிரிக்கின்றன. வர்த்தகக் குழுவுக்கான பணியில் இரண்டும் கலந்துள்ளன. அனைத்தையும் ஒரே பொட்டலமாகக் கட்டி இரண்டாவது வகையில் சேர்த்துவிட்டால் விலையே முந்திக்கொள்ளும். தரத்துக்கும் மதிப்பெண் வழங்க 2021 அக்டோபரில் நிதியமைச்சகம் வழிவிட்டது உண்மையே. எனினும் ஆலோசனை அல்லாத சேவைகளில் அந்த மதிப்பெண் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அரங்கு வாடகையில் பேரம் பேசத் தெரிந்தவருக்கு இது சாதகம். இறக்குமதியாளர்களை நேரில் அறிந்தவருக்கு அப்படியல்ல.

இரு பணிகளுக்கும் தனித்தனி ஒப்பந்தம் கோருவது நிர்வாகத்துக்குக் கூடுதல் சுமைதான். ஆனால் அந்தச் சுமையைத் தவிர்ப்பதால் ஏற்படும் இழப்பு ஏற்றுமதியாளரின் தலையில் விழுகிறது.

அமெரிக்க வேளாண் துறை 2024 ஏப்ரலில் புது தில்லிக்கு ஒரு வர்த்தகக் குழுவை அனுப்பியது. துணைச் செயலர் அலெக்சிஸ் டெய்லர் அதற்குத் தலைமை வகித்தார். அத்துறைக்கு புது தில்லியிலும் மும்பையிலும் நிரந்தர அலுவலகங்கள் உள்ளன. இந்தியச் சந்தை குறித்து அவை தொடர்ந்து அறிக்கைகள் வெளியிடுகின்றன. அத்தகைய அலுவலகம் இருக்கும் இடத்தில் ஒப்பந்ததாரர் வெறும் உதவியாளர். அது இல்லாத இடத்தில் அவரே குழுவின் கண்ணும் காதும்.

2025 டிசம்பர் இறுதியில் அறிவிக்கப்பட்ட சந்தை அணுகல் ஆதரவுத் திட்டம் சில மாற்றங்களைக் கொண்டுவந்துள்ளது. பங்கேற்பாளர்களில் குறைந்தது 35 சதவீதத்தினர் குறு, சிறு, நடுத்தர நிறுவனத்தினராக இருக்க வேண்டும். முந்தைய ஆண்டில் ரூ.75 லட்சம் வரை ஏற்றுமதி செய்தவர்களுக்கு விமானக் கட்டணத்தில் ஒரு பகுதி வழங்கப்படும். வந்த வாங்குவோரின் தரம், கிடைத்த வணிக வாய்ப்புகள் ஆகியவை குறித்து இணையவழிப் பின்னூட்டம் கட்டாயம். அந்தப் பின்னூட்டம் ஒப்பந்ததாரரின் கட்டணத்துடன் இணைக்கப்படாவிட்டால், அது கோப்பில் சேரும் மற்றொரு தாளாகவே இருக்கும்.

கிடைத்த ஆர்டர் அளவுக்கேற்பக் கட்டணம் தரலாம் என்ற யோசனை கவர்ச்சியானது, ஆனால் பொருந்தாது. மாதிரியின் தரமும் விலையும் ஏற்றுமதியாளரின் கையில் உள்ளவை. மேலும், புரிந்துணர்வு ஒப்பந்தங்களின் எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டவே அது தூண்டும். கட்டணத்தில் ஒரு பங்கை ஆறு மாதங்கள் நிறுத்திவைத்து, மாதிரி அனுப்பப்பட்டதா, வாங்குவோர் பதிலளித்தாரா என்ற தொடர்நடவடிக்கை அறிக்கை வந்தபின் வழங்குவது நடைமுறைக்கு ஏற்றது. திரட்டப்பட்ட வாங்குவோர் விவரங்கள் குழுவை அனுப்பிய அமைப்புக்கே சொந்தம் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். இல்லையேல் அடுத்த ஆண்டு அதே பட்டியலுக்கு அரசு மீண்டும் பணம் செலுத்த நேரிடும்.

காலமும் முக்கியம். பேரங்காடிகளின் கொள்முதல் மேலாளர்கள் தங்கள் சந்திப்புகளை வெகு முன்னதாகவே முடிவு செய்துவிடுகின்றனர். குழு புறப்படச் சில வாரங்களே இருக்கும்போது ஒப்பந்தம் இறுதியானால், அந்த நாளில் வேறு வேலை இல்லாதவர்களே அரங்குக்கு வருவார்கள். சந்தை அணுகல் நிகழ்வுகளுக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கான நாள்காட்டி தயாரிக்கவும் புதிய திட்டம் வகை செய்கிறது. அது வெளியாகும்போதே ஒப்பந்தப்புள்ளியையும் கோருவது நல்லது.