பாதியும் பாதியும் ஒன்றாகுமா?

சில மாதங்களுக்கு முன் ஒரு பள்ளியின் ஆண்டு விழாவுக்குச் சென்றிருந்தேன். மாணவியரின் கும்மி முடிந்ததும் இடைவெளியின்றிக் கோலாட்டம் தொடங்க வேண்டும். இரண்டு பாடல்களையும் இணைத்துத் தரும் பொறுப்பைப் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஏற்றிருந்தான். முதல் பாட்டு மெல்லத் தேய, இரண்டாம் பாட்டு மெல்ல வளர, ஐந்து வினாடிகளில் ஒன்று மற்றொன்றாக மாறும்படி கணினியில் தொகுத்து வைத்திருந்தான். ஆனால் மாற்றத்தின் நடுவில் ஓசை பள்ளத்தில் இறங்கியதுபோல் தாழ்ந்தது. கோலாட்டக்காரர்கள் தாளம் தவறினார்கள். "மைக்செட்காரர் சத்தத்தைக் குறைத்துவிட்டார்" என்று எல்லோரும் அவரைக் கோபித்துக்கொண்டார்கள். பாவம், அவர் குமிழைத் தொடவே இல்லை!

பிறகு அந்த மாணவனைக் கேட்டேன். "கணக்குப்படிதான் சார் செய்தேன். முதல் பாட்டு 90 பங்கு என்றால் இரண்டாவது 10 பங்கு. 70 என்றால் 30. நடுவில் 50-க்கு 50. எப்போதும் கூட்டுத்தொகை 100 தானே?" என்றான்.

அவனுடைய கூட்டலில் பிழையில்லை. எதைக் கூட்ட வேண்டும் என்பதில்தான் பிழை.

அவன் பங்கிட்டது அலையின் வீச்சை. ஒலியின் செறிவோ வீச்சின் வர்க்கத்தைப் பொறுத்தது. வீச்சைப் பாதியாக்கினால் செறிவு கால் பங்காகிவிடும். நடுவில் இரு பாடல்களும் கால் பங்கு செறிவுடன் இருந்தன. கால் பங்கும் கால் பங்கும் சேர்ந்தால் அரைதானே? செறிவு பாதியாவதைப் பொறியாளர்கள் 3 டெசிபெல் தாழ்வு என்பார்கள். கவனித்துக் கேட்கும் காதுக்கு இது நன்றாகத் தெரியும்.

அப்படியானால் வீச்சுகளையல்ல, வீச்சுகளின் வர்க்கங்களைக் கூட்டினால் 1 வர வேண்டும். இப்படிப்பட்ட இரட்டை எண்களை நீங்கள் முன்பே அறிவீர்கள். எந்தக் கோணத்துக்கும் சைனின் வர்க்கத்தையும் கோசைனின் வர்க்கத்தையும் கூட்டினால் 1 அல்லவா? கோணம் 0 பாகையிலிருந்து 90 பாகைக்குச் சீராக நகரட்டும். தேயும் பாட்டுக்குக் கோசைன், வளரும் பாட்டுக்குச் சைன். நடுவில், அதாவது 45 பாகையில், இரண்டும் 0.5 அல்ல, 0.707. அதன் வர்க்கம் 0.5. இரண்டும் சேர்ந்தால் 1. பள்ளம் மறைந்துவிடும்.

இத்துடன் நிறுத்தினால் பாதி உண்மையைத்தான் சொன்னவனாவேன். "இனி எப்போதும் 0.707" என்று மனப்பாடம் செய்துகொள்ளாதீர்கள். (அ + ஆ)² = அ² + ஆ² + 2அஆ என்ற வாய்பாட்டைப் பாருங்கள். கடைசி உறுப்பான 2அஆ எங்கே போயிற்று? தொடர்பில்லாத இரு பாடல்களில் அது ஒரு கணம் கூட்டலாகவும் மறுகணம் கழித்தலாகவும் வருவதால், சராசரியில் பூச்சியமாகிவிடுகிறது. ஒரே பதிவின் இரு நகல்களை ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருத்தி இணைத்தாலோ அலைகள் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்கும். அந்த உறுப்பு மறையாது. அங்கே 50-க்கு 50 என்பதே சரி. 0.707 வைத்தால் வீச்சு 1.414 ஆகும், செறிவு இரண்டு மடங்காகி, நடுவில் ஓசை புடைத்துக்கொண்டு நிற்கும். ஒன்று ஏறும்போது மற்றது அதே அளவு இறங்கினாலோ நடுவில் ஓசையே இராது!

ஆக, முதலில் கேட்க வேண்டியது, "இவ்விரு ஒலிகளும் உறவா, அந்நியமா?" என்பதுதான். விடை தெரிந்த பிறகே வாய்பாடு.

எவ்வளவு நேரத்தில் மாறுகிறது என்பதும் முக்கியம். ஒலிநாடாக் காலத்தில் நாடாவை 45 பாகைச் சாய்வில் வெட்டி ஒட்டுவார்கள். அந்தச் சாய்வே ஒரு சிறு கலவை. 6.35 மில்லிமீட்டர் அகல நாடா, வினாடிக்கு 38 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடினால் அக்கலவை ஏறத்தாழ வினாடியில் 60-இல் ஒரு பங்கில் முடிந்துவிடும். அவ்வளவு குறுகிய தாழ்வைக் காது பொருட்படுத்துவதில்லை. ஐந்து வினாடித் தாழ்வையோ கோலாட்டம் பொறுக்காது.

இன்று ஒலித் தொகுப்பு மென்பொருள்களில் இருவகைக் கலவைக்கும் தனித்தனித் தேர்வுகள் உண்டு. ஒன்றைத் தட்டினால் வேலை முடிந்துவிடும். எதைத் தட்ட வேண்டும் என்று நினைப்பது மட்டும் நம் வேலை. இதற்காகத்தான் கணிதம் படிக்கிறோம் என்பது என் கருத்து. சைன், கோசைன் முற்றொருமையை மதிப்பெண்ணுக்காக எழுதிப் பார்த்து மறந்துவிடுகிறோம். அதைக் காதால் கேட்கவும் வகுப்பறையில் ஒரு பாடவேளை ஒதுக்கினால் என்ன?

ஆசிரியர் ஒதுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். அடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் வெவ்வேறான இரு பாடல்களை இருவிதமாகவும் இணைத்துக் கேளுங்கள். பிறகு ஒரே பாடலின் இரு நகல்களை இணைத்துக் கேளுங்கள். இரு பாடல்களின் மேள அடிகள் ஒரே கணத்தில் விழுந்தால் இரு விதிகளும் முழுமையாகப் பொருந்தாமல் போகலாம். அப்போது காதுதான் நீதிபதி.

அந்த மாணவன் பாடல்களைத் திருத்தி எனக்குப் போட்டுக் காட்டினான். பள்ளம் இல்லை. மைக்செட்காரரிடமும் போய்ச் சொல்லிவிட்டு வரும்படி அனுப்பினேன். கணக்கைத் திருத்தியவன் பழியையும் திருத்த வேண்டுமல்லவா?