இதழின் அடிவரியும் ஊரின் நடுகல்லும்

சவ்வாது மலையின் தென்புற அடியில் செங்கம் உள்ளது. வடபுறச் சரிவிறங்கிப் பாலாற்றைக் கடந்தால் குடியேற்றம் உள்ளது. அரசினர் ஏடுகளில் அது குடியாத்தம் எனத் திரிந்து நிற்கின்றது. சவ்வாது என்பது வெளியிலிருந்து வந்த மணப்பொருட்பெயர். அம் மணப்பொருளைத் தமிழர் புழுகு என்றே வழங்கினர். மலையைச் சுட்டும் பெயர் எதுவாயினும், அதன் அடிநிலம் பழந்தமிழ் நிலமே என்பதற்கு மலைபடுகடாம் சான்று. அதில் பாடப்பெறும் நன்னனின் செங்கண்மாவே இற்றைச் செங்கம். அப்பாட்டின் சேயாறு இம்மலையில் தோன்றியே கிழக்கு நோக்கி ஓடுகின்றது.

அச்செங்கத்துப் பகுதியில் நடுகற்கள் செறிந்து கிடக்கின்றன. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1972 இல் அவற்றைத் தொகுத்துத் தனி நூலாக வெளியிட்டது. எடுத்தனூர்க் கல் அவற்றுள் ஒன்று. மகேந்திரவர்ம பல்லவனின் 34 ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன்னர், எருமை நிரை காத்து மடிந்த கருந்தேவக்கத்தி என்பானுக்கு நட்ட கல் அது. அவன் உருவத்தின் பின்னே ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. அந்நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியும், கோவிவன் என்னும் அதன் பெயரும் வட்டெழுத்தில் வெட்டப்பட்டுள்ளன. நன்றி மறவாத ஊரார் நாயின் பெயரையும் கல்லில் ஏற்றினர்.

அத்தகைய மண் இற்றைக்கு எண்பது ஆண்டுகளின் முன்னர்த் தன்னிடத்தே இதழ் நடத்திய ஒருவரை எவ்வளவு நினைத்திருக்கின்றது? குடியேற்றத்திலும் வேலூரிலும் பள்ளிப் பிள்ளைகளை நிறுத்திக் கு.மு. அண்ணல்தங்கோ யார் என வினவினால், எத்துணைப் பேர் விடை கூறுவர்?

அண்ணல்தங்கோ குடியேற்றத்தில் 1904 ஏப்பிரல் 12 இல் பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் சுவாமிநாதன். கல்லூரி வாயிலை மிதித்தவர் அல்லர். தாமே முயன்று தமிழ் கற்றவர். இளமையில் பேராயக் கட்சியிற் சேர்ந்து கள்ளுக்கடை மறியலில் நின்றார். 1927 இல் சென்னையில் நீல் என்னும் வெள்ளைப் படைத்தலைவனின் சிலையை அகற்றக் கோரி நடந்த போராட்டத்தில் முன்னின்று சிறை புகுந்தார். நாட்டு விடுதலைக்கெனச் சிறை சென்றவர், அவ்விடுதலையில் தமிழுக்கு இடம் யாது என வினவத் தொடங்கியதும் கட்சிக்கு வேண்டாதவரானார். அவரைப் போன்றோர் பலர்க்கும் நேர்ந்தது இதுவே.

1937 இல் உலகத் தமிழ் மக்கள் தற்காப்புக் கழகம் என ஒன்றை வேலூரில் நிறுவினார். 'உலக' என்னும் அடைமொழியைக் கண்டு அக்காலத்தில் நகைத்தோரும் இருந்திருப்பர். ஈழத்திலும் மலையாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் தமிழர் தோட்டக் கூலிகளாய்ச் சிதறிக் கிடந்த நாளில், அவர்களையும் ஒரு பெயருக்குள் சேர்த்து எண்ணியவர் வடார்க்காட்டுச் சிற்றூரொன்றின் மனிதர் என்பதே கருதத்தக்கது. தம் பெயரைத் தமிழாக்கிக் கொண்டதோடு அமையாது, தம்மிடம் வந்தோர்க்கெல்லாம் தமிழ்ப்பெயர் சூட்டினார். வேலூர்க் காந்திமதிக்கு அரசியல்மணி எனப் பெயரிட்டவர் அவரே. அவ்வம்மையாரே பின்னர் மணியம்மையாராகிப் பெரியாருக்குப்பின் திராவிடர் கழகத்தை 1978 வரை நடத்தினார். 1944 இல் சேலத்தில் அக்கழகத்திற்குப் பெயர் வைத்தபோது, 'தமிழர் கழகம்' என்றே வைத்தல் வேண்டும் என வாதிட்டவரும் இவ் அண்ணல்தங்கோவே. அவர் சொல் அம்மன்றத்தில் ஏறவில்லை. அதன் விளைவைத் தமிழர் இன்றும் விலைகொடுத்துப் பெற்று வருகின்றனர்.

இவையெல்லாம் ஓரளவு பேசப்பட்டவை. பேசப்படாதது அவர் இதழ் நடத்திய பாடு.

1942 இல் 'தமிழ்நிலம்' என்னும் இதழை அவர் தொடங்கினார். இரண்டாம் உலகப்போர் உச்சத்தில் இருந்த ஆண்டு அது. அயல்நாட்டுத் தாள் வரவு அருகி, அரசு தாளை அளந்து கொடுத்த காலம். பெருநகரச் செய்தித்தாள்களே பக்கங்களைச் சுருக்கின. அந்நாளில், விளம்பரம் தரும் வணிகரும் இன்றி, கட்சிப் பணப்பையும் இன்றி, கைத்தறியூர் ஒன்றின் மனிதர் தனித்தமிழ் இதழ் தொடங்குவது எளிய செயலா?

சிற்றூர் இதழாளரின் நாளைச் சற்று எண்ணிப் பாருங்கள். 1867 ஆம் ஆண்டின் அச்சுச் சட்டப்படி அவர் முதலில் நடுவர்முன் சென்று, இவ்விதழை வெளியிடுபவன் யான் என உறுதிமொழி எழுதிக் கையொப்பமிட வேண்டும். ஒவ்வோர் இதழிலும் அச்சிட்டவர் பெயர், வெளியிட்டவர் பெயர், இடம் ஆகியன பொறிக்கப்பட வேண்டும். கடைசிப் பக்கத்தின் அடியில் பொடியெழுத்தில் வரும் அவ்வரியைப் படிப்போர் அரியர். காவல்துறை மட்டும் தவறாமற் படிக்கும். 1931 ஆம் ஆண்டுச் சட்டம் வேறு தலைமேல் தொங்கியது. எழுதியது அரசுக்கு உவப்பில்லையேல் பிணைத்தொகை கட்டச் சொல்லலாம், கட்டியதைப் பறிமுதல் செய்யலாம், அச்சகத்தையே முடக்கலாம். அதனால் அச்சக உரிமையாளர் அஞ்சுவார். அஞ்சாத அச்சகம் கிடைப்பினும், அங்கே திருமண அழைப்பும் கடைச்சீட்டும் அடித்து முடித்த பின்னரே இதழுக்கு முறை வரும்.

தனித்தமிழ் இதழுக்கு இன்னொரு தனிப்பாடும் உண்டு. ஈய எழுத்துகளை அறை அறையாகப் பிரித்து வைத்த பேழையின் முன் நின்று அச்சுக்கோப்பவர், பல்லாண்டுப் பழக்கத்தால் கண்ணால் பாராமலே எழுத்தை எடுப்பார். அவர் கை வடவெழுத்து அறைக்குத் தானே செல்லும். 'கிழமை' என்று எழுதிக் கொடுத்தால் 'வாரம்' என்று கோத்து வைப்பார். பிழையைத் திருத்திவிட்டதாகவும் மகிழ்வார். ஆதலின் தனித்தமிழாளன் மெய்ப்பை இருமுறை பார்த்தாக வேண்டும். பிறர்க்கு மெய்ப்புத் திருத்தம் எழுத்துப்பிழை களைவது; தனித்தமிழாளனுக்கோ மொழியை மீட்கும் போர். அடித்த தாள்களை மடித்து, முகவரி எழுதி, தலையொட்டி, அஞ்சலகத்துக்குச் சுமந்து செல்பவரும் பெரும்பாலும் ஆசிரியரே. அவர் துணைவியார் பசை காய்ச்சியிருப்பார். வரலாற்றை எழுதுவோர் அம்மையார்களை இவ்விடத்தில் மறந்துவிடுவதே வழக்கமாயிற்று.

ஈரோட்டில் நடந்தது இதற்கு மாறானது. பெரியார் 1925 இல் 'குடிஅரசு' தொடங்கியபோது பின்னால் வணிகக் குடும்பத்தின் வளம் இருந்தது. எனினும் 1933 இல் எழுதிய ஓர் ஆசிரியவுரைக்காக அவரும் தண்டனை பெற்றார். வெளியிட்டவர் என அடிவரியில் பெயர் நின்ற குற்றத்துக்காக அவர் தங்கை கண்ணம்மையாரும் தண்டனை பெற்றார். 'குடிஅரசு' நின்றதும் 'புரட்சி' எழுந்தது. பொருள்வளம் உள்ளவரால் ஒரு தாள் மறைந்ததும் இன்னொரு தாள் எழுப்ப இயலும். (அத்தாள்களின் நடையில் வடசொல் மண்டிக் கிடந்தது வேறு வழக்கு.) குடியேற்றத்தாருக்கு அவ்வாய்ப்பு இல்லை. 'தமிழ்நிலம்' நெடுங்காலம் ஓடவில்லை.

ஆயின் அப்பெயர் சாகவில்லை. கடலூரில் அஞ்சல் துறையில் பணியாற்றிக்கொண்டே 1959 இல் 'தென்மொழி'யைத் தொடங்கிய பாவலரேறு பெருஞ்சித்திரனார், பின்னர்த் தாம் கண்ட இன்னோர் இதழுக்குத் 'தமிழ்நிலம்' என்றே பெயரிட்டார். அரசுப் பணியில் இருந்தமையால் இயற்பெயரை விடுத்துப் புனைபெயரில் எழுதியவர், அப்புனைபெயராலேயே நிலைத்தார். இந்தியெதிர்ப்பில் சிறைப்பட்டு வேலூர்ச் சிறையில் 'ஐயை' பாடினார். இதழ்க்கடனும் வழக்கும் சிறையும் 1995 இல் மறையும் வரை அவரை விட்டு நீங்கவில்லை. சிற்றூர்களிலிருந்து எழுந்த இத்தகைய இதழ்கள் ஊட்டிய சொற்களே இன்று மேடைதோறும் ஒலிக்கின்றன. 'அக்கிராசனர்' போய்த் 'தலைவர்' வந்ததும், 'விவாக சுபமுகூர்த்தம்' போய்த் 'திருமணம்' வந்ததும் தாமே நிகழ்ந்தன அல்ல. ஒவ்வொரு சொல்லுக்கும் எவரோ ஒருவர் தாள் வாங்கக் கடன்பட்டிருக்கின்றார்.

இன்றைய நிலை என்ன? 1867 ஆம் ஆண்டுச் சட்டம் நீங்கிப் புதுச் சட்டம் 2024 மார்ச்சு முதல் நடப்பில் உள்ளது, பதிவெல்லாம் இணையவழி. ஈய எழுத்தும் போயிற்று. கணிப்பொறியில் எழுத்தடித்தால் போதும். பிணைத்தொகையும் இல்லை. இடர் குறைந்துவிட்டதோ எனில், இல்லை. நூல் அனுப்பக் குறைந்த கட்டணத்தில் இருந்த பதிவு நூலஞ்சலை 2024 திசம்பரில் அஞ்சல் துறை நிறுத்தியது. தாள் விலை ஏறுகின்றது. இவற்றினும் கொடியது தமிழன்பரின் நிலுவை. மேடையில் தமிழுக்கு உயிர் தருவேன் என முழங்குவோர் இதழின் ஆண்டுக் கட்டணத்தைத் தருவதில்லை. உயிரை எவரும் கேட்கவில்லை; கட்டணத்தையே கேட்கின்றனர். அண்ணல்தங்கோ காலத்தில் இதழை நிறுத்தியது தாள் தட்டுப்பாடு என்று கூறலாம். இன்று நிற்கும் இதழ்களுக்கு அவ்வாறு காரணங்கூற இயலுமா?

அண்ணல்தங்கோ 1974 சனவரி 4 இல் மறைந்தார். 'தமிழ்நிலத்தின்' இதழ்கள் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, ஆலங்காயம், போளூர், செங்கம் வட்டாரத்துப் பழைய தமிழாசிரியர் இல்லங்களின் பரணில் இன்றும் கிடத்தல் கூடும். அக்காலத் தாள் போர்க்காலத் தாள், மட்கும் இயல்பினது, தொட்டால் நொறுங்கும். பாட்டனார் பெட்டியைக் குப்பை என்று எடைக்குப் போடும் முன்னர்ப் பேரப்பிள்ளைகள் அடிவரியைப் பார்க்க வேண்டும். அண்ணல்தங்கோ என்னும் பெயர் தென்படின், அதனை மடிக்காது, பசையிட்டு ஒட்டாது, முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் படியெடுத்து வைத்தல் வேண்டும். படியொன்றைச் சென்னைத் தரமணியில் உள்ள ரோசா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு அனுப்பலாம். இன்னொன்றைக் குடியேற்றத்து நூலகத்தில் வைக்குமாறு கேட்கலாம். மலைமேல் சமுனாமரத்தூர்ப் பள்ளியில் தமிழ் கற்பிப்போர், எடுத்தனூர்க் கல்லைக் காட்டப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் நாளில், கோவிவன் பெயரோடு இப்பெயரையும் சொல்லலாம்.