இயங்கியது என்பது விடையாகாது

செய்நிரல் இயங்கிவிட்டால் அது சரியானதே என்னும் நம்பிக்கை கணினி பயிலும் மாணவரிடையே வேரூன்றியுள்ளது. கொழும்புப் பல்கலைக்கழகம் தகவல் தொழினுட்ப வெளிவாரிப் பட்டத்தை 2000 ஆம் ஆண்டில் தொடக்கியது. இத்தகைய பட்டங்களை நாடி வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தனியார் வகுப்புகளில் அமரும் தமிழ் மாணவர் குறிப்புகளை மனனஞ் செய்கின்றனர். சார்பு ஒரு பொருளைத் திருப்பித் தரும்போது கொப்பி கன்ஸ்ட்ரக்டர் அழைக்கப்படும் என்பது அத்தகையதொரு வாய்பாடு. பரீட்சைக்கு அது போதலாம், உண்மைக்குப் போதாது.

கொப்பி கன்ஸ்ட்ரக்டர் ஒரு பொருளைப் பார்த்து மற்றொரு பொருளை ஆக்குவது. ரெபரன்ஸோ புதிய பொருளன்று. உள்ள பொருளுக்கு இட்ட மறுபெயரே. சி பிளஸ் பிளஸ் மொழியின் 1998 ஆம் ஆண்டு நியமமே சில இடங்களிற் பிரதியைத் தவிர்க்கத் தொகுப்பானுக்கு உரிமை வழங்கிற்று. 2017 ஆம் ஆண்டு நியமம், பெயரற்ற தற்காலிகப் பெறுமானத்தைத் திருப்பித் தருமிடத்துப் பிரதியே இல்லை என விதித்தது. கன்ஸ்ட்ரக்டருள் ஒரு வரியை அச்சிடச் செய்து, ஜிசிசி தொகுப்பானிற் பிரதித் தவிர்ப்பை நிறுத்திவிட்டு, 2014, 2017 ஆகிய இரு நியமங்களின்படியும் ஓட்டிப் பார்க்கலாம். முன்னதில் அவ்வரி அச்சாகும், பின்னதில் அச்சாகாது.

குறிப்பை விடுத்துத் தொகுப்பானையே வேதமாகக் கொள்வதும் பிழையே. கொன்ஸ்ற் அல்லாத சாதாரண ரெபரன்ஸைத் தற்காலிகப் பொருளோடு பிணைப்பதை நியமம் விலக்குகின்றது. ஜிசிசி அதனை மறுக்கும். மைக்ரோசொவ்ற் தொகுப்பானோ நெடுங்காலம் தனது சலுகையாக அதனை ஏற்றுவந்தது. அங்கு இயங்கிய செய்நிரல் இங்கு தொகுக்கப்படவே மாட்டாது.

இத்துணை நுணுக்கம் எதற்கு என வினவுவோர் உளர். பிரதி ஆகுந்தோறும் எண்ணிக்கையைக் கூட்டும் செய்நிரல், பிரதி தவிர்க்கப்பட்டதும் வேறு விடை தரும். நினைவகத்தின் முகவரியை மட்டும் பிரதி செய்தால், இரு பொருள்களும் ஒரே இடத்தை இருமுறை விடுவிக்கும். அப்பிழை பரீட்சைத்தாளிலன்றிப் பிறர் நம்பிப் பயன்படுத்தும் மென்பொருளில் வெளிப்படும்.

1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை ஓர் ஏட்டை நம்பி அமைந்தாரல்லர். பல ஏடுகளை ஒப்புநோக்கினார். அம்மரபைப் போற்றும் சமூகத்தின் மாணவர் ஒரு குறிப்பையும் ஒரு தொகுப்பானையும் நம்பி அமைதல் தகுமா? விரிவுரையாளர் வாய்பாட்டை வினவுதலை விடுத்துச் சோதனையை வினவுதல் வேண்டும். இரு தொகுப்பான்களில் ஓட்டி, வேறுபாட்டை நியமத்தால் விளக்கும் மாணவனே மொழியறிந்தவன். ஏனையோர் ஏடு சுமப்போரே.