பாசஞ்சர் ரயிலும் பாரம்பரியம்தான்!

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் முழுதாகப் படியுங்கள். இல்லாதவர்கள் கடைசி இரண்டு பத்தியையாவது படித்துவிட்டுப் போங்கள்.

போன வாரம் செங்கோட்டை பாசஞ்சர் படம் ஒன்று போட்டிருந்தேன். அதன் கீழே ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: "சார், ஊட்டி ரயில் போடுங்க, வந்தே பாரத் போடுங்க. இந்த அழுக்கு வண்டியை எதுக்கு படம் பிடிக்கிறீங்க?" இன்னொருவர், "பென்ஷன் வருது, பொழுது போகலை" என்று சிரிப்புப் பொம்மையோடு முடித்துவிட்டார். இருவருக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். முப்பது வருடத்துக்கு மேல் தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்தியவன் நான். ஆசிரியர் பயிற்சிப் பட்டயம்தான் என் படிப்பு. ரயில்வே பொறியாளர் அல்ல, வரலாற்றுப் பேராசிரியரும் அல்ல. ஆனாலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அந்தப் படிப்பு போதும்.

முதலில் ஊட்டி ரயில். அதன் அருமை எனக்கும் தெரியும். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை சுமார் 46 கிலோமீட்டர். 1899-இல் குன்னூர் வரை ஓடியது, 1908-இல் உதகை வரை போனது. கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவே பல்சட்டம் வரும். இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு மலை ஏறும். பன்னிரண்டு அடி நகர்ந்தால் ஓரடி உயரம், அப்படி ஒரு ஏற்றம். 2005-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்தது. நம் பொன்மலைப் பணிமனைத் தொழிலாளர்கள் இந்த நூற்றாண்டிலும் அதற்குப் புதிதாக நீராவி இன்ஜின் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். பெருமைதான். யார் இல்லை என்றது?

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். 1899-இல் அந்த ரயில் என்னவாக இருந்தது? மலைக்கு ஆளையும் சாமானையும் ஏற்றிய சாதாரண வண்டி. பாரம்பரியம் என்று பலகை மாட்டிக்கொண்டு எந்த ரயிலும் ஓட ஆரம்பிப்பதில்லை. இன்று ஓடும் சாதாரண வண்டிதான் நாளைக்குப் பாரம்பரியம். அது ஓடுகிற காலத்திலேயே பார்த்துப் பதிவு செய்ய ஆள் இல்லை என்றால் பாரம்பரியமாகவும் ஆகாது, ஞாபகமாகவும் மிஞ்சாது. பழைய இரும்பாகப் போய்ச் சேரும்.

எங்கள் பக்கத்துக் கதையையே சொல்கிறேன். செங்கோட்டை - புனலூர் மலைப்பாதை 1904-இல் திறந்தது. மீட்டர் கேஜ். 2010-இல் மூடினார்கள், 2018-இல் அகலப் பாதையாகத் திறந்தார்கள். அகலப் பாதை வேண்டாம் என்று சொல்லும் முட்டாள்தனம் என்னிடம் இல்லை. நடுவழியில் வண்டி மாறாமல் மூட்டை முடிச்சோடு ஒரே ரயிலில் போகிற வசதி, மாறி மாறி ஏறி இறங்கியவனுக்குத்தான் தெரியும். கழுதுருட்டியின் பதிமூன்று கண் பாலம் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. கல் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும். மனிதனும் அவன் செய்த வேலையும் அப்படியா?

அந்தக் காலத்து ஒற்றைப் பாதையில் டோக்கன் என்று ஒன்று உண்டு. நிலைய அதிகாரியின் அறையில் உள்ள கருவியிலிருந்து ஓர் இரும்பு உருண்டை வெளியே வரும். அதைப் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் மாட்டி, ஓட்டுநர் கையில் கொடுப்பார்கள். அந்த உருண்டை கையில் இருந்தால்தான் அடுத்த நிலையம் வரை போகலாம். ஒரு வண்டி உள்ளே போய்விட்டால் எதிர்ப்பக்கத்துக் கருவி இன்னொரு உருண்டையைத் தராது. இரண்டு ரயில் நேருக்கு நேர் மோதாமல் காத்தது அந்தச் சின்ன உருண்டை. நிற்காமல் போகும் வண்டியில் கையை நீட்டி வளையத்தை வாங்குவதும் வீசுவதும் ஒரு வித்தை. இதை வகுப்பில் எத்தனை தரம் விளக்கினாலும் பிள்ளைகள் விழிப்பார்கள். ஒரு படத்தைக் காட்டினால் அடுத்த நிமிடம் புரிந்துவிடும். அந்தப் படத்தை எடுத்தவன் பொழுது போகாதவனா? எனக்கு அவன்தான் துணைப்பாட நூல்.

சென்னை கடற்கரை - தாம்பரம் பாதையைப் பாருங்கள். 1931-இல் மின்சார ரயில் வந்தது. மீட்டர் கேஜில் ஓடிய மின்சார ரயில். 2004-இல் அதுவும் முடிந்தது. 73 வருடம் ஒரு நகரத்தையே வேலைக்குக் கூட்டிப் போய்க் கொண்டுவந்து விட்ட வண்டி. பாம்பன் பழைய பாலம் 1914-இலிருந்து நின்றது. 2022 டிசம்பரில் ரயில் நின்றுபோய், 2025 ஏப்ரலில் புதிய பாலம் வந்தது. பழைய தூக்குப் பாலத்தைப் படம் எடுக்காத சுற்றுலாப் பயணி கிடையாது. ஆனால் கப்பல் வரும்போது அதைக் கையாலேயே சுற்றித் திறந்த தொழிலாளிகளின் முகம் எத்தனை படத்தில் இருக்கிறது?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஓடுகிற வண்டியைப் படம் எடுப்பது பழம்பெருமைக்காக மட்டும் அல்ல. அது சாட்சி.

கொரோனா ஊரடங்குக்குப் பிறகு என்ன நடந்தது? பாசஞ்சர்களை 'எக்ஸ்பிரஸ் சிறப்பு ரயில்' என்று பெயர் மாற்றி, குறைந்தபட்சக் கட்டணத்தை 10 ரூபாயிலிருந்து 30 ரூபாய் ஆக்கினார்கள். அதே பெட்டி, அதே வேகம், மூன்று மடங்கு காசு. 2024 பிப்ரவரியில்தான் பழைய கட்டணம் திரும்பியது. இதற்கிடையில் நாடு முழுக்க எத்தனையோ சின்ன நிலையங்களில் வண்டி நிற்பதே போயிற்று. கேட்டால் ஒரே பதில்: "வருமானம் இல்லை, ஆள் ஏறுவதில்லை."

ஆள் ஏறினார்கள் என்பதை எதை வைத்துச் சொல்வது? கால அட்டவணையில் நேரம் இருக்கும், ஆள் இருக்க மாட்டார்கள். கீரைக்கட்டோடு இறங்கும் அக்கா, சீருடையில் தொற்றி ஏறும் பிள்ளை, ஆஸ்பத்திரிக்குப் போகும் பெரியவர், இவர்கள் எந்தக் கோப்பிலும் கிடையாது. தேதி போட்ட படத்தில் இருப்பார்கள். மனு எழுதும்போது அந்தப் படத்தைப் பின்னால் இணைத்துப் பாருங்கள், அப்போது தெரியும் அதன் உபயோகம். வந்தே பாரத்துக்குச் சாட்சி தேவையில்லை. அதற்குக் கொடி அசைக்க மந்திரிகளும், படம் பிடிக்கத் தொலைக்காட்சிகளும் இருக்கிறார்கள். பாசஞ்சருக்கு யார் இருக்கிறார்கள்? நாம்தான்.

இதில் இரண்டு பேரோடு எனக்குச் சண்டை உண்டு.

ஒருவர், ரீல்ஸ் எடுக்கத் தண்டவாளத்தில் நிற்பவர். தம்பி, உன்னை ரயில் ரசிகன் என்று சொல்லிக்கொள்ளாதே. தலைக்கு மேலே போவது 25,000 வோல்ட். செல்ஃபி குச்சி அந்தக் கம்பியைத் தொடக்கூட வேண்டாம், பக்கத்தில் போனாலே போதும். மின்சார இன்ஜின் பழைய டீசல் மாதிரி ஊரைக் கூட்டி வராது, திரும்பிப் பார்ப்பதற்குள் வந்துவிடும். அனுமதியில்லாமல் பாதையில் நுழைந்தால் ரயில்வே சட்டம் 147-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதைவிடப் பெரிய தண்டனை, உன் அம்மாவுக்கும் அந்த ஓட்டுநருக்கும். அவர் பிரேக் போட்டாலும் வண்டி உடனே நிற்காது. பார்த்துக்கொண்டேதான் வர வேண்டும்.

இன்னொருவர், கேமராவைக் கண்டாலே விரட்டும் அதிகாரி. நடைமேடைச் சீட்டு வாங்கி, மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்று படம் எடுத்த என்னை ஒரு நிலையத்தில் தீவிரவாதியைக் கேட்பது போலக் கேட்டார்கள். அதே மேடையில் நாலு பேர் போனில் ஆடிப் பாடிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், அவர்களை யாரும் கேட்கவில்லை. பாதுகாப்புக்காகக் கூடாது என்றால் கூடாதுதான், ஒப்புக்கொள்கிறேன். எங்கே எடுக்கலாம், எங்கே கூடாது, யாரிடம் கேட்க வேண்டும் என்று நிலைய வாசலில் தமிழில் ஒரு பலகை வையுங்கள். ஆளுக்கொரு சட்டம், வேளைக்கொரு சட்டம் வேண்டாம்.

சரி, படம் எடுக்க விரும்பும் பிள்ளைகளுக்கு வாத்தியார் வேலையாக நாலு குறிப்பு. இன்ஜின் எண்ணும் பெட்டி எண்ணும் தெரிகிற மாதிரி எடுங்கள். பெட்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் அது தயாரான ஆண்டு. 97 என்று ஆரம்பித்தால் 1997. இன்ஜினில் முதல் எழுத்து 'டபிள்யூ' என்றால் அகலப் பாதை, 'ஒய்' என்றால் மீட்டர் கேஜ். அடுத்தது 'டி' என்றால் டீசல், 'ஏ' என்றால் மின்சாரம். மூன்றாவது 'பி' பயணிகள் வண்டிக்கு, 'ஜி' சரக்குக்கு, 'எம்' இரண்டுக்கும். பெரம்பூர் ஐ.சி.எஃப். அந்தப் பழைய மாதிரிப் பெட்டி கட்டுவதை 2018-லேயே நிறுத்திவிட்டது. இருப்பவை ஒவ்வொன்றாகக் கழிந்துகொண்டிருக்கின்றன. கேட் கீப்பரையும் பாயிண்ட்ஸ்மேனையும் எடுக்குமுன் அனுமதி கேளுங்கள், எடுத்த படத்தை அவர்களுக்கும் அனுப்புங்கள். ஊர், தேதி, வண்டி எண் எழுதாத படம் பெயர் எழுதாத விடைத்தாள். மதிப்பெண் கிடையாது!

வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊர் நிலையத்துக்குப் போங்கள். 10 ரூபாய்க்கு நடைமேடைச் சீட்டு வாங்குங்கள். கோட்டுக்குப் பின்னால் நில்லுங்கள். பெயர்ப்பலகை, வண்டி, ஏறி இறங்கும் மக்கள், மூன்றும் தெரிய ஒரே ஒரு படம் எடுத்துத் தேதியோடு இங்கே கருத்துப் பெட்டியில் போடுங்கள். ரயில் நின்றுபோன ஊர்க்காரர்கள் பழைய படம் இருந்தால் தேடிப் போடுங்கள். எல்லாவற்றையும் ஊர்வாரியாகப் பிரித்து அடுக்கும் வேலை என்னுடையது. எனக்குத்தான் பென்ஷன் வருகிறதே!